ஓடாத மண்

மழை விட்டதும் ஓடையை எட்டிப் பார்த்த தவமணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். மேல்மந்தையில் ஒரே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கொடைக்கானலுக்கு மேற்கே, மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. வீடுகளும் பள்ளிக்கூடமும் கீழே. அவற்றின் தலைக்கு மேலே பூண்டு வயல்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம் வரைக்கும். அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், ஓடை டீ நிறத்தில் பொங்கிக்கொண்டு வரும். அந்த டீயில் கரைந்து போவது அவர்களுடைய வயல்தான்.

போகாமல் என்ன செய்யும்? மேலிருந்து கீழாக, சரிவுக்கு நேராக உழவுச் சால் ஓட்டுவதுதான் ஊர் வழக்கம். ஒவ்வொரு சாலும் மழைத்தண்ணீருக்குப் போட்டுக் கொடுத்த ரோடு. முட்டாள்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. பூண்டுக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். குறுக்கே உழலாம் என்று டில்லரைத் திருப்பினாலோ, கீழ்ப்பக்கத்துச் சக்கரம் மண்ணில் புதைந்து வண்டியும் ஆளும் சேர்ந்து உருள வேண்டியதுதான். அப்படி உருண்டு இடுப்பொடிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.

அதனால் வருசா வருசம் மழைக்காலம் முடிந்ததும் மண் ஏற்று நடக்கும். கீழே வந்து சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எந்த வீட்டுக்கும் விலக்கு கிடையாது. மண் ஏற்றுக்கு வராத வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள். இந்த ஊர்ப் பெண் வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போனால், சீர்வரிசையோடு பிறந்த வீட்டு மண்ணும் ஒரு கூடை போகும். புருசன் வீட்டு வயலின் உச்சியில் அதைக் கொட்டிவிட்டுத்தான் அவள் வாசற்படி மிதிப்பாள். போன தை மாதம் தவமணியின் நாத்தனார் சங்கீதாவை மலைக்கு அந்தப் பக்கம் காவுக்கரையில் கட்டிக்கொடுத்தபோதும் அந்தக் கூடையை மஞ்சள் துணி கட்டி அனுப்பியது தவமணிதான்.

இத்தனை பாடும் இரண்டு வருசத்துக்கு முன்னால் மண்பிடி வருகிற வரைக்கும்தான். மண்பிடி என்றால் ஒரு பொடி. வயலில் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டால் மண்ணோடு மண்ணாய்ச் சேர்ந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்பெனிக்காரர்கள் சும்மாவே கொடுத்தார்கள். ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் சொன்னார்கள். வயலுக்கு வயல் நடுவே சரளைக்கல் பட்டை ஒன்று விட வேண்டும், அதில் பொடியைத் தூவவே கூடாது. ஊரும் தூவவில்லை. ஓடை நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது, பூண்டு முஷ்டி முஷ்டியாய் விளைந்தது. எல்லாருக்கும் கொண்டாட்டம்.

"ஏண்டி, கலங்கி ஓடுனாலும் பயப்படுற, தெளிஞ்சு ஓடுனாலும் பயப்படுற. ஒம் புருசன் எப்படித்தான் ஒன்னோட குடும்பம் நடத்துறானோ!" என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"ராத்திரி பூரா பேஞ்சிருக்குக்கா. ஒரு பொட்டு மண்ணு கூடவா வராது?"

"வரலைன்னா சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு..." குருவம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

தவமணியால் சிரிக்க முடியவில்லை. போன வாரம் களை எடுக்கும்போது களைக்கொத்து மண்ணில் இறங்க மறுத்தது. செருப்புத் தோலைக் கொத்தினால் எப்படித் தள்ளுமோ அப்படித் தள்ளியது. ஓங்கிக் கொத்திப் பிளந்து பார்த்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாய் நூல்கள், சேலை நெய்ததுபோல நெருக்கமாக. மறுநாள் அதே இடத்தைப் போய்ப் பார்த்தாள். வெட்டு மூடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

புருசன் சௌந்தரபாண்டியிடம் சொன்னாள். அவன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான்.

"நல்லதுதானே தவம்? மண்ணு கெட்டியா இருந்தா டில்லர் உருளாதுல்ல. நீ எம்புட்டு நாளா குறுக்க உழுங்க, குறுக்க உழுங்கன்னு என் உசுர வாங்குன! நாளைக்குத் தலைக்காட்டக் குறுக்க ஓட்டுறேன். போதுமா?"

அவளுக்கு அப்போது சந்தோசமாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் வேளாண்மைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி அணை, தண்ணீர் நின்று நிதானித்து இறங்கும், மண் போகாது என்று அவள் சொல்லாத ஆள் இல்லை. ஊரே கேலி செய்தது. காவுக்கரைக்குப் போன நாத்தனாரின் புருசன் வீரமலை ஒருத்தன்தான் பிற்பாடு அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டான். கட்டினவன் இத்தனை வருசம் கழித்துத் தன் பேச்சைக் கேட்கிறான் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு குளிராது?

அந்த நாளைதான் இன்று. பாண்டி வெள்ளெனவே டில்லரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மலையின் உச்சியில், பாறையை ஒட்டி இருக்கிற கடைசி வயல்தான் தலைக்காடு. அதற்கு மேலே மண் கிடையாது.

மகள் தர்ஷியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கம்பெனி ஜீப் கண்மண் தெரியாமல் வந்து நின்றது. ஜெபராணி இறங்கினாள். பொடியைக் கொண்டுவந்த நாளில் இருந்து ஊருக்குப் பழக்கமான பெண், தவமணியின் கையால் சாப்பிட்டவள். எப்போதும் சிரித்த முகம். இன்று அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, சரளைப் பட்டையில யாராச்சும் பொடி தூவுனீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். கூடாதுன்னுட்டீங்க, யாரும் தொடல."

"அப்ப எப்படிக்கா?" ஜெபராணி கையிலிருந்த திரையைக் காட்டினாள். "ஒவ்வொரு வயல்லயும் ஒரு கருவி நட்டு வச்சோம்ல, மண்ணு அசைஞ்சா சொல்றதுக்கு. ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் அசையணும். முந்தாநாள்ல இருந்து எல்லாம் சேர்ந்து அசையுது. மேல் வயலும் கீழ் வயலும் ஒரே நேரத்துல, ஒரே அளவு. இது தனித்தனி வயல் இல்லக்கா. முழு மலையும் ஒரே துண்டாயிருச்சு."

"அப்படின்னா?"

"பொடிக்குள்ள இருக்கறது ஒரு பூஞ்சைக்கா. உயிருள்ளது. நூல் விட்டு நூல் விட்டு மண்ணைத் தைச்சுக்கிட்டே போகும். சரளையில அதுக்குச் சாப்பாடு கிடையாது, அதனால தாண்டாது. அதுக்குத்தான் பட்டை விடச் சொன்னோம். பட்டையில மண்ணு சேராம இருந்தா தாண்டவே தாண்டாது."

தவமணிக்கு மண் ஏற்று நினைவுக்கு வந்தது. சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் இந்த ஊர்ச் சனத்துக்குக் கை பொறுக்காது. வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, கீழே வழிந்து கிடந்த பழைய மண்ணோடு வயலடி மண்ணையும் கொத்திச் சேர்த்து போன மழைக்காலம் முடிந்ததும் மண் ஏற்று நடத்தினார்கள். வயல்களில்தான் மண் குறையவில்லையே! அதனால் ஏற்றிய கூடைகளையெல்லாம் மொட்டையாய்க் கிடந்த சரளைப் பட்டைகளில் கொட்டி நிரவினார்கள். முதல் கூடையைக் குலவை போட்டுக் கொட்டியவளே தவமணிதான்.

"மேடம்... பொடி போடல. ஆனா மண்ணு போட்டோம். கூடையில."

"எந்த மண்ணு?"

"எங்க வயல் மண்ணுதான்."

ஜெபராணி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கூடை போதுங்க்கா. பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. ஒரு வருசத்துல அம்புட்டையும் தன் வசமாக்கிரும்."

"இறுக்கிப் பிடிச்சா நல்லதுதானே?"

"மண்ணைத்தான்க்கா பிடிக்கும். கீழ இருக்கிற பாறையைப் பிடிக்காது. கொடியில ஈரச்சாக்கு தொங்குற மாதிரி உச்சியில மட்டும் மாட்டிக்கிட்டுத் தொங்குது. அடியில தண்ணி ஓடுது. நீளவாக்குல எத்தனை தடவை உழுதாலும் தொந்தரவு இல்ல, ஒவ்வொரு கீத்தும் மேல தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். குறுக்க மட்டும் வெட்டக்கூடாது, அதுவும் மேல." அவள் சட்டென்று நிறுத்தினாள். "என்னக்கா அது, டில்லர் சத்தமா? யாரு உழறா?"

மேலே எங்கேயோ, பனிமூட்டத்துக்குள்ளிருந்து, டுபு டுபு டுபு என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தவமணி திரும்பி மேலே பார்த்தாள். கையை மட்டும் குறுக்கே இழுத்துக் காட்டினாள்.

ஐயோ! மேலே புருசன், கீழே பிள்ளை. போன் அடித்தாள். டில்லர் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? பள்ளிக்கூடத்துப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், மலைப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்!" ஜெபராணி ஜீப்பில் ஏறிவிட்டாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் கொண்டுபோறேன். நீங்க வண்டிய நிப்பாட்டுங்க!"

தவமணி ஓடினாள். ஓடிக்கொண்டே வழியில் இருந்த வீடுகளையெல்லாம் பார்த்துக் கத்தினாள். "மலை வருது! பாலத்துக்கு ஓடுங்க!" சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பினார்கள். குருவம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புல சோறு கொதிக்குதுடி. எறக்கி வச்சுட்டு வாரேன்."

"சோறு கிடக்கட்டும்க்கா, வாங்க!"

"வாரேன், வாரேன், நீ போ."

இழுத்துக்கொண்டு போக நேரமில்லை. வயலோரப் படி வழியாக ஏறினாள். பிறந்ததிலிருந்து ஏறாத படியா? ஆனால் இன்று கால் தட்டிக்கொண்டே இருந்தது. படிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன, பக்கத்து வயல்தான் கீழே நழுவியிருந்தது. கல்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

உச்சிச் சுனையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்பு ஓஸ் எப்போதும் வயலோரம் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும். இப்போது அது நெளியவில்லை. தரையை விட்டு எழும்பி, இழுத்துக் கட்டிய கயிறாய் விறைத்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அறுந்து அவள் காதை உரசிக்கொண்டு போனது. தவமணி அலறியேவிட்டாள். உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழுதுகொண்டே ஏறினாள்.

தலைக்காட்டில் பாண்டி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். பாறையை ஒட்டி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, அளந்து கோடு போட்டதுபோல நேரான குறுக்குச் சால். மறு ஓரத்தை எட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "வா வா, ஒன் அணையப் பாரு! உருளவே இல்ல!" என்று கத்தினான்.

"நிப்பாட்டுங்க! ஏங்க, நிப்பாட்டுங்க!"

"என்னது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபிறகுதான் அவன் வண்டியை அணைத்தான். சத்தம் நின்றது. அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது. ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற சத்தம், ஆனால் காலடியில், மலையின் அகலத்துக்கு.

சால் வாய் பிளந்தது. பாண்டி வயல் பக்கம் நின்றான், தவமணி பாறைப் பக்கம். நடுவில் வெள்ளை நூல்கள் ஒவ்வொன்றாய் இழுபட்டு அறுந்தன.

"டில்லர விட்டுட்டு வாய்யா!" என்று கூச்சல் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருசனை அப்படிக் கூப்பிட்டாள்.

அவன் தாண்டினான். முழங்கால் பாறையில் மோதி ரத்தம் கொட்டியது. அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். இருவரும் பாறையில் குப்புறக் கிடந்தபடி பார்த்தார்கள்.

மலை போனது. இடிந்து போகவில்லை, உருண்டு போகவில்லை. எருமை நடக்கிற வேகத்தில், முழுதாய், பூண்டுத் தாள்கள் அசையாமல், பாத்திகள் கலையாமல், டில்லர் நிறுத்திய இடத்தில் நின்றபடியே போனது. கீழே போகப் போக வேகம் கூடி, திருப்பத்தில் பனிமூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தது. பிறகு ஊர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தர்ஷி," என்றான் பாண்டி. "தவம், பிள்ள எங்க?"

அவள் அவன் கையைப் பிடித்துக் கிளப்பினாள். மண் உரிந்துபோன வழுக்குப் பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். ஜெபராணி நேரத்துக்குப் போயிருப்பாளா, ஜீப் கிளம்பியிருக்குமா, ஆசிரியர் நம்பியிருப்பாரா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. "அம்மா, ஓடி வரும்போது செருப்பு கழண்டிருச்சு, திட்டாதம்மா," என்றாள். தவமணி அவளைக் கட்டிக்கொண்டு கதறிய கதறலில் பாலத்தில் நின்ற அத்தனை பேரும் அழுதார்கள்.

ஊர் இருந்த இடத்தில் பூண்டு வயல் இருந்தது. பச்சைப்பசேலென்று, ஒரு தாள் ஒடியாமல். குருவம்மாவை மட்டும் காணவில்லை. மண்ணைத் தோண்டப் போன ஆண்களின் மண்வெட்டிகள் துள்ளித் துள்ளித் திரும்பின. ரம்பம் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் அவளை எடுத்தபோது கையில் கரித்துணி அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பாண்டியின் போனில் கம்பெனியிலிருந்து தானாக வரும் மாதாந்தரச் செய்தி வந்து விழுந்தது. உங்கள் வயலில் இந்த மாதம் மண் இழப்பு இல்லை, வாழ்த்துகள் என்று இருந்தது. ஜெபராணி அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் கம்பெனி ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஜீப்பில் கீழே இறங்கிப் போனாள்.

அனாதையாய் நின்ற ஊரைக் காவுக்கரை வாரி அணைத்துக்கொண்டது. சங்கீதாவும் வீரமலையும் லாரி பிடித்து வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய், மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் அது கொட்டுகிற சத்தத்திலேயே தவமணி அயர்ந்து தூங்கிப்போனாள்.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. முழங்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு பாண்டி அசந்து தூங்கினான். தர்ஷிக்கு முகம் கழுவிவிடத் தவமணி அவளை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே ஒரு ஓடை. சங்கீதா தன் பழைய செருப்பு ஒரு ஜோடியைப் பிள்ளைக்குக் கொண்டுவந்து வைத்தாள். அளவு பெரிதுதான், இருந்தாலும் காலுக்கு ஆச்சு.

"காப்பி போட்டு வச்சிருக்கேன் மதினி. எங்க வீட்டுக்காரரு வெள்ளனவே மேல வயலுக்குப் போயிட்டாரு. வந்துருவாரு."

தவமணி குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். குளிர்ந்த தண்ணீர். உள்ளங்கை ரேகை வரைக்கும் தெரிந்தது.

ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை.

அவள் கையை விரித்தாள். தண்ணீர் வழிந்து போனது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். மண்டபத்தின் தலைக்கு மேலே காவுக்கரையின் உருளைக்கிழங்கு வயல்கள், மேலே மேலே, பனிக்குள் போய் மறைகிற வரைக்கும். நடுவில் ஒரு சரளைப் பட்டைகூட இல்லை. இந்த ஊருக்குத்தான் பொடியே வரவில்லையே, பட்டை எதற்கு?

"சங்கீதா," என்றாள். "கல்யாணத்தப்ப நீ கொண்டுவந்த மண்ண எங்க கொட்டுன?"

"உச்சி வயல்லதான் மதினி, வழக்கப்படி." சங்கீதாவின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "கேட்டா நம்ப மாட்டீக. அந்தக் கூடை விழுந்ததுல இருந்து எங்க மண்ணு ஒரு பொட்டு ஓடல. பெறந்த வீட்டு மண்ணு ராசின்னு என் மாமியா வாய் ஓயாம சொல்லுது. மண்ணு நல்லா கெட்டிப்பட்டிருச்சு, தவமணி அக்கா சொன்ன மாதிரியே இந்தத் தடவை ஓட்டிப்புடுறேன்னு அவரு டில்லர..."

மிச்சத்தைத் தவமணி கேட்கவில்லை. மேலே பனிமூட்டத்துக்குள் ஒரு எஞ்சின் இருமியது. இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. டுபு டுபு டுபு.

தர்ஷி பெரிய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குள் ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்றாள் தவமணி, "செருப்பக் கால்ல போடு."